அந்தோணியாருக்கு அடியில் சாத்தான்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் அவ்வளவு கௌரவமானதல்ல. என் மனைவி பிரிஜெட் எனக்குத் தெரியாமல், மலேசியாவின் கெடாவில் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான லூனாசுக்குச் சீட்டுப் பார்க்கப் போனாள். அவள் கேட்ட கேள்வி: "என் வீட்டுக்காரரு இந்தக் கதை எழுதுற கிறுக்க எப்ப விடுவாரு?"

சீட்டுப் பார்க்கிற அகத்தா மூன்று சீட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, "அவரு பெரிய எழுத்தாளரா வருவாரு. பேரும் புகழும் கொட்டும்" என்றாளாம். பிரிஜெட் அழாத குறையாக வீடு திரும்பினாள். நான் அன்று பகலெல்லாம் சீட்டியடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம்தான் உறைத்தது. ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் கென்னத்தாகிய நான், இந்த 1981ஆம் வருடம் தொடங்கியதிலிருந்து ஒரு கதையைக்கூட முடிக்கவில்லை. அதற்கு முன் முடித்தவற்றை ஞாயிறு பத்திரிகை திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட ஆளுக்குப் பேரும் புகழும் என்று சொல்கிற சீட்டுக்கட்டில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். அந்தக் கோளாறைத் தேடிப் போனதில் வந்ததுதான் இது.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

லூனாஸ் பட்டணத்தின்மேல் அந்தி கவிந்துகொண்டிருந்தபோது, அகத்தாவின் விழிகளில் விதியின் நிழல்

வேண்டாம். லூனாசில் அந்தி கவிவதில்லை. கூலிம் பஸ் வரும், கொசு வரும், அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்:

"நாளை நடப்பதை யார் அறிவார்?" என்று பெருமூச்செறிந்தாள் அகத்தா.

அகத்தா பெருமூச்சு விடுகிற ரகமில்லை. ஏப்பம் விடுவாள். அதையும் சத்தமாக விடுவாள்.

மூன்றாவது தொடக்கத்தில் அலங்காரத்தை விட்டுவிட்டு உள்ளதைச் சொல்கிறேன். அகத்தா ஐம்பதைத் தாண்டிய விதவை. ஒரு காலத்தில் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தாள். துரையும் தொரசாணியும் இங்கிலாந்துக்கு மூட்டை கட்டியபோது, எல்லாருக்கும் பீங்கான் தட்டு கிடைத்தது, அகத்தாவுக்கு ஒரு படச்சீட்டுக் கட்டு கிடைத்தது.* தேநீர் விருந்துகளில் தொரசாணி மற்ற வெள்ளைக்காரிகளுக்குச் சீட்டுப் பார்ப்பதை அகத்தா ட்ரேயைப் பிடித்தபடி பல வருடம் பார்த்திருக்கிறாள். கேட்டதில் பாதி புரிந்தது. புரியாத பாதியை அவளே இட்டு நிரப்பிக்கொண்டாள். எழுத்தாளர்களும் அப்படித்தான் தொழில் பழகுகிறோம் என்பதால் நான் குறை சொல்ல மாட்டேன்.

(* இதற்கு டாரட் என்று பெயர். லூனாசில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தொரசாணி சீட்டு என்றால் நாய்கூட வழி காட்டும்.)

3

ஆரம்பத்தில் அகத்தாவிடம் கூட்டம் அலைமோதியது. அப்புறம் ஒவ்வொரு சீட்டாகக் கழன்றது.

முதலில் கழன்றது மரணம். குதிரைமேல் வரும் எலும்புக்கூடு. ரப்பர்ப் பால்மரம் வெட்டும் சிகப்பி அதைப் பார்த்து மயங்கி விழுந்தாள். மறுநாள் எழுந்து வேலைக்குப் போய்விட்டாள் என்றாலும், அகத்தாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அடுத்தது இடி விழுந்து சரியும் கோபுரம். அது கோயில் திருப்பணிக் கமிட்டித் தலைவருக்கு, கும்பாபிஷேகத்துக்கு முந்தின வாரம் வந்து தொலைத்தது. அவர் அகத்தாவைக் கிறிஸ்தவ சதிகாரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சாத்தான் சீட்டை அவளே எடுத்துவிட்டாள். கத்தோலிக்க வீட்டில் அதற்கு என்ன வேலை?

ஆனால் தொரசாணி கொடுத்ததைக் கிழிக்க மனம் வரவில்லை. எடுத்த சீட்டையெல்லாம் புனித அந்தோணியார் சுரூபத்துக்கு அடியில் வைத்தாள். கனமான சுரூபம். சாத்தான் எழுந்திருக்க முடியாது என்று நம்பினாள்.*

கடைசியில் சீட்டுக்கட்டில் மிஞ்சியதெல்லாம் சூரியன், நட்சத்திரம், கோப்பை, மகுடம். யார் வந்தாலும் கல்யாணம், வீடு, பதவி உயர்வு. கூட்டம் குறைந்தது. அதைவிட மோசம், அகத்தாவுக்கே அலுத்துவிட்டது. பிரிஜெட்டிடம் அவள் சொன்னது:

"முன்னெல்லாம் சீட்ட தொட்டாலே உள்ளுக்குள்ள என்னமோ பேசும் பிரிஜெட். இப்ப ஒண்ணுமே பேச மாட்டேங்குது. சும்மா வாய்க்கு வந்தத சொல்லி அனுப்புறேன். போசான் ஆயிருச்சு லா."

இதைக் கேட்டு நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சாவு வேண்டாம், சண்டை வேண்டாம், மேனேஜர் மனம் நோக வேண்டாம் என்று ஞாயிறு பத்திரிகை ஆசிரியர் எழுதியதற்கெல்லாம் தலையாட்டி, ஒவ்வொன்றாக எடுத்து ஒளித்துவைத்த இன்னொரு ஆளை எனக்குத் தெரியும். அவனுக்கும் ஒன்றும் பேச மாட்டேன் என்கிறது.

(* பாவசங்கீர்த்தனத்தில் இதைக் கேட்ட ஃபாதர் திரையை விலக்கிப் பார்த்தாராம். பிறகு, "எந்த அந்தோணியார்? பேயோட்டுறவரா?" என்று மட்டும் கேட்டாராம். இதை நான்தான் இட்டுக்கட்டினேன்.)

4

ஒரேயொரு கெட்ட சீட்டு மட்டும் தப்பிவிட்டது. அதற்குக் காரணம் அகத்தா சிறுவயதில் மாதா கோயிலில் படித்த ஞானோபதேசம்.

மழைமேகம், நடுவில் ஒரு இருதயம், அதில் பாய்ந்த மூன்று வாள். தொரசாணிக்கு அது பிரிவு, துக்கம். அகத்தாவுக்கு அது வியாகுல மாதாவின் திரு இருதயம். ஏழு வாள் இருக்க வேண்டியது. படம் வரைந்தவன் சோம்பேறி, மூன்றோடு நிறுத்திவிட்டான் என்று முடிவு செய்தாள். அந்தச் சீட்டு வந்தால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "மாதாவே வந்துட்டா! இனி ஒரு கொறையும் இல்ல" என்பாள்.

இங்கேதான் சண்முகவள்ளி வருகிறாள். இவளைப் பற்றி எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். வேடிக்கைக் கதை எழுத உட்கார்ந்தவனுக்கு இவள் தோதான பாத்திரமில்லை. இரண்டு முறை அடித்துவிட்டேன். இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டாள்.

சண்முகவள்ளி, மளிகைக்கடை அய்யாவுவின் மனைவி. ஒரே மகன் ராஜு, கோலா கெடாவிலிருந்து லங்காவித் தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன படகில் ஏறினான். படகு போய்ச் சேரவில்லை. பலகைகள் கிடைத்தன, ராஜு கிடைக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆடி அமாவாசை அன்று கோத்தா கோலா மூடாவில், ஆறு கடலில் சேரும் இடத்தில் கருமாதி செய்துவிடலாம் என்கிறார் அய்யாவு. "உசுரோட இருக்கிற புள்ளைக்குக் கருமாதி செய்வீங்களா?" என்கிறாள் இவள். புருஷனும் பெண்டாட்டியும் பேசி மாதக்கணக்காகிறது. அவள் நம்பிக்கைக்கு ஒரே ஆதாரம் அகத்தா. வாராவாரம் வருவாள். பெரும்பாலும் அந்த இருதயச் சீட்டுதான் விழும். "மாதா இருக்கா, பையன் வந்துருவான்" என்பாள் அகத்தா.

5

அடுத்து நடந்தபோது பிரிஜெட் அந்த அறையில்தான் இருந்தாள். என் எதிர்காலத்தை மறுபடி பார்த்துச் சொல்லும்படி சண்டை போடப் போயிருந்தாள்.

அமாவாசைக்கு ஒரு வாரம் இருந்தது. சண்முகவள்ளி சீட்டை எடுத்தாள். இருதயம். அகத்தா கொட்டாவியோடு சிலுவை போட்டாள். வழக்கமான வார்த்தைக்கு வாயைத் திறப்பதற்குள், சண்முகவள்ளி குனிந்து படத்தைப் பார்த்தாள்.

"அக்கா, ரொம்ப நாளா கேக்கணும்னு. இந்த அம்மா நெஞ்சுல ஏன் கத்தி குத்தியிருக்கு?"

ஞானோபதேச வகுப்பில் கேட்ட கேள்விபோல அகத்தா யோசிக்காமல் பதில் சொன்னாள்:

"மவன் செத்துட்டாருல்ல. அத கண்ணால பாத்தவங்க."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது.

"நல்ல சீட்டுன்னு சொன்னீங்களே," என்றாள் சண்முகவள்ளி.

"நல்லவங்கதான் வள்ளி," என்றாள் அகத்தா. "அவங்க ரொம்ப நல்லவங்கதான்."

சண்முகவள்ளி அழவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அழுதது பிரிஜெட். அகத்தா அந்தச் சீட்டைக் கட்டுக்குள் செருகினாளாம். பிறகு எழுந்து போய் அந்தோணியாரைத் தூக்கி, அடியில் கிடந்ததையெல்லாம் எடுத்துத் தூசி தட்டி, கட்டோடு சேர்த்துக் கலைத்தாள்.

"உக்காரு பிரிஜெட். ஒனக்கு இப்ப பாக்குறேன்."

பார்த்துச் சொன்னது: "ஒன் வீட்டுக்காரரு எழுதுறத விடவும் மாட்டாரு, உருப்படவும் மாட்டாரு."

பிரிஜெட் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினாள். அன்றிலிருந்து அகத்தா வீட்டு வாசலில் மறுபடியும் செருப்புக் குவியல். சீட்டு பேசுகிறதாம். ஜனங்கள் அழுதுகொண்டே வெளியே வருகிறார்கள், மறுநாள் அண்ணன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். எனக்கும் பேனா ஓடத் தொடங்கிவிட்டது.

6

இனி முடிவு. கைவசம் உள்ளவை:

(அ) ராஜு லங்காவிப் படகிலிருந்து தோள்வரை முடியோடு இறங்குகிறான். சயாம் பக்கம் ஒதுங்கியவனை மீனவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். "அம்மா!" ஞாயிறு பத்திரிகை கண்ணை மூடிக்கொண்டு போடும்.

(ஆ) ராஜு வரவில்லை. தாயும் தகப்பனும் ஆற்று முகத்தில் பிண்டம் கரைக்கிறார்கள். அய்யாவு பல மாதத்துக்குப் பிறகு மனைவியிடம் பேசும் முதல் வார்த்தை

(இந்த வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.)

(இ) அமாவாசை அன்று சண்முகவள்ளி எங்கேயும் போகவில்லை. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இலக்கிய வட்டத்தில் இதற்குத்தான் மரியாதை.

7

நாளை அமாவாசை. (இ)க்குக் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் சண்முகவள்ளி நின்றாள். ஐந்தாம் பகுதியிலேயே அனுப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, எங்க கதைய எழுதுறீங்களாமே. பிரிஜெட் சொன்னுச்சு."

தாள்களை மறைக்கப் பார்த்தேன். மேசை சின்னது.

"சும்மாக்கா. கதைதானே."

"கோவமில்ல லா தம்பி." நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "அதுல என் மவன் வந்துட்டானா?"

இவ்வளவு நேரம் நையாண்டி செய்துகொண்டு வந்தவனுக்கு வெட்கமாக இருந்தது. "இன்னும் முடிக்கலக்கா" என்றேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க படிங்க. அவரு கார் சொல்லிட்டாரு, காலையில கெளம்பணும். வந்துட்டான்னு எழுதியிருந்தா, நா கார்ல ஏற மாட்டேன். வரலன்னு எழுதியிருந்தா, போய் எள்ளும் தண்ணியும் எறச்சிட்டு வரேன். எதுவா இருந்தாலும் ஒருத்தர் வாயால ஒழுங்கா கேக்கணும்."

கதைக்கும் நடப்புக்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்கு விளக்க முயன்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். விளக்கம் முடிந்ததும், "சரி தம்பி, படிங்க" என்றாள்.

என்னால் முடியவில்லை. உண்மையாகவே முடியவில்லை. பிரிஜெட் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகவே வாசகரே, இதுவரை சிரித்துக்கொண்டு வந்த நீங்கள் கொஞ்சம் உள்ளே வாருங்கள். என் நாற்காலியில் உட்காருங்கள். ஆறாம் பகுதித் தாள் இதோ. உங்களுக்குப் படிக்கத் தெரியும். மூன்றில் எதைப் படித்தாலும் அவள் நம்புவாள். கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள், காது சற்று மந்தம். அதனால்தான் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.