பலூனக்காவும் வெளியே போகாத புத்தகங்களும்

பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் அடுக்கும் அக்காவின் கால்கள் ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் தரையை விட்டுக் கிளம்பின. அப்படியே போய் அவள் தலை உத்தரத்தில் இடித்தது. நல்லவேளை, மின்விசிறி ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. ஏணியும் முறிந்து கிடந்தது, புதிது கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்திருந்த தலைமை நூலகர் அண்ணாந்து பார்த்து, "நல்லதாப் போச்சு. மேல் தட்டு வேலையெல்லாம் இனிமே அந்தம்மாவே பாக்கட்டும்" என்றார். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. புத்தகம் தைக்கும் பைண்டர் தன் நூல்கயிற்றை அவள் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கவுண்டர் மேசைக்காலில் முடிந்தார். ஒரு தரம் இழுத்தால் அவள் குனிந்து கேட்க வேண்டும். அன்றிலிருந்து அவளுக்குப் பலூனக்கா என்று பேர். அவளுடைய சாப்பாட்டு டப்பாவைக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, அவள் எட்டாமல் தவிப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மனுஷர்களுக்குப் பொழுது போக வேண்டாமா!

கயிற்றோடு வீட்டுக்கு இழுத்துப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவள் கணவர் அதையும் பார்த்தார். கூரையில்லாத வெளியில் அவளுக்கு வேகம் அதிகம். கயிறு அறுந்து, வாசல் மரக்கிளையில் போய்ச் சிக்கினாள். செங்கல்லையும் எடைக்கல்லையும் மடியில் கட்டினார்கள், அவையும் கூடவே மேலே போயின. கடைசியில் தற்செயலாகத்தான் தெரிந்தது: பேரகராதியின் முதல் இரண்டு தொகுதிகளைக் கையில் அணைத்தால் மட்டும் அவள் இறங்குகிறாள். பாதம் தரையில் பட்டதும் ஓவென்று அழுதாள். ராத்திரிக்கு வீட்டுக்கு எடுத்துப்போய்க் காலையில் கொண்டுவந்துவிடுகிறேன் என்று கெஞ்சினாள்.

"அது ரெஃபரன்ஸ் புக்கும்மா, வெளிய போகக்கூடாது. ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்றார் தலைமை நூலகர்.

"எல்லாருமா சார் பறக்கிறாங்க?"

அவர் புத்தகங்களை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவளாலும் மேற்கொண்டு வாதாட முடியவில்லை. இதே விதியைச் சொல்லி, பரீட்சைக்கு முந்தின நாள் காலில் விழாத குறையாகக் கெஞ்சிய பிள்ளைகளின் கையிலிருந்து அதே அகராதியைப் பிடுங்கிக் கறாரானவள் என்று பேர் வாங்கியவள் அவள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆசை, மகளோடு ஒரு ராத்திரி ஒரே பாயில் படுக்க வேண்டும் என்பது. மகள் அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். உறுப்பினர் அட்டை இல்லாத குழந்தை உள்ளே வரக்கூடாது. அதனால் சாயங்காலங்களில் மகள் அப்பாவோடு வந்து வெளியே நிற்பாள், அம்மா மிதந்துபோய்ச் சுவரின் மேல் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொள்வாள்.

"எப்பம்மா வீட்டுக்கு வருவே?"

"பெரிய சார் மனசு வெச்சா வருவேன்டி."

"நானே பெரிய சாராயிட்டா?"

"அன்னிக்கே வந்துடுவேன், என் தங்கமே."

குழந்தை அதைச் சிரிப்புக்குக் கேட்கவில்லை. தகப்பன் வருவதை நிறுத்திய பிறகும் தனியாக வந்தாள், பள்ளிக்கூடம் முடித்தாள், நூலகப் படிப்பே படித்தாள், அதே கவுண்டரில் உட்கார்ந்தாள், படிப்படியாக ஏறினாள். இதற்குள் அக்காவின் ஓய்வு வயது வந்து போனது. ஏணி இல்லையே, யார் விடுவார்கள்? மகள் தலைமை நூலகராகப் பொறுப்பேற்ற காலையில் அக்கா நரைத்த தலையை வாரி முடிந்து, மாற்றுப்புடவையைப் பையில் வைத்து, தள்ளாத வயதிலும் தைக்க வந்துகொண்டிருந்த பைண்டரைக் கூப்பிட்டு மேசைக்கால் முடிச்சை அவிழ்க்கச் சொன்னாள். அலமாரிப் பூட்டைத் திறந்ததும் அகராதிகளை அணைத்துக்கொண்டு இறங்கினாள், மகளின் அறைவாசலில் இரண்டு காலும் தரையில் படிய நின்றாள்.

மகள் வெகுநேரம் அந்தக் கால்களையே பார்த்தாள். கண் கலங்கியது, அது பொய்யில்லை.

"அம்மா, அது ரெஃபரன்ஸ்."

"தெரியும்டி. நீதான இப்ப பெரிய சாரு."

"அதான்மா. ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. பெத்தவளுக்குக் குடுத்தா இன்னும் வாய் நீளும்."

ஒவ்வொன்றாக, நோகாமல்தான் வாங்கிக்கொண்டாள். இரண்டாவது தொகுதி கைமாறியதும் அக்கா மேலே கிளம்பினாள். மகள் எட்டிக் கயிற்றைப் பிடித்துத் தன் கையாலேயே மேசைக்காலில் முடிந்தாள். பைண்டர் அந்த முடிச்சை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. "தாய் எட்டடி பாஞ்சா குட்டி பதினாறடி பாயும்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அக்காவுக்கும் அது கேட்டது. உத்தரத்தடியில் மாற்றுப்புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, என் பெண் சொன்னது நியாயந்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், பிறகு அழுதாள். கீழே வாசித்துக்கொண்டிருந்தவர்கள் புத்தகங்களை நனையாமல் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷமே புது ஏணி வந்தது. தேவையில்லை என்று மகள் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினாள். இன்றைக்கும் அங்கே மேல்தட்டுப் புத்தகம் வேண்டுமென்றால் கவுண்டர் ஓரக் கயிற்றை ஒரு தரம் இழுத்தால் போதும். மெதுவாக இழுக்கவும் என்று பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது, மகளின் கையெழுத்துத்தான்.