ஓரகத்தியின் பேட்டரி

மேசையில் பட்டுத்துணி விரிந்து கிடந்தது. கையில் கத்திரிக்கோல். அளவு மட்டும்தான் இல்லை.

தையல்காரிக்குச் சீட்டில் குறித்துவைக்கும் பழக்கம் கிடையாது. அளவு நாடாவை ஆள்மேல் வைத்தபடியே போனில் படமெடுத்துக்கொள்வாள். "கை தப்பா எழுதும், படம் தப்பாது" என்று தெருவுக்கே பாடம் எடுத்தவள். இப்போது அந்தப் போனோ, பேட்டரி தவளை வயிறுபோல் உப்பி, முதுகு மூடியைத் தள்ளிக்கொண்டு செத்துக் கிடந்தது. புது பேட்டரி வர ஒரு வாரமாகும் என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். நாளைக்குக் கல்யாணப்பெண் உடுப்புக்கு வந்து நிற்பாள். அவளையே கேட்கலாமென்றால் அவள் நம்பரும் அந்த வயிற்றுக்குள்தான். இருப்பதோ ஒரே துணி; வெட்டு பிசகினால் போச்சு.

புருஷன் பளபளக்கும் தன் புதுப் போனை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"அந்தக் கட்டையைத் தூக்கிப் போடுன்னு எத்தனை வாட்டி சொன்னேன்?"

"ஆமா, உங்களுதைக் கழட்டி மாத்த முடியுமா?"

"இதையா? கடையில சூடு காட்டி, பசையை இளக்கி…"

"அப்ப பேட்டரி செத்தா போனையும் சேர்த்துப் புதைக்கணுமா?"

மனுஷர் புதுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நழுவினார்.

தையல்காரியின் போனைப்போலவே மாடியிலும் ஒன்று இருந்தது, ஓரகத்தியிடம். இவள் வாங்கிய மறுநாளே நிறம்கூட மாற்றாமல் அவளும் வாங்கினாள். "காப்பியடிக்கிறா" என்று இவள் நாலு பேரிடம் சொல்லப்போய், இருவருக்கும் பேச்சு நின்றது.

வேறு வழியில்லை. படிக்கு ஒரு பிடியாக மானத்தை இறக்கிவைத்துக்கொண்டே ஏறினாள்.

"என்னக்கா, வழி தவறி வந்துட்டீங்களா?" ஓரகத்தி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"உன் பேட்டரி வேணும். கொஞ்ச நேரத்துக்கு."

"காப்பியடிச்சவகிட்டயா?"

"நல்லவேளை, அடிச்சியே!"

ஓரகத்திக்குச் சிரிப்பு பீறிட்டது. நகத்தால் மூடியை நெம்பி, பேட்டரியை எடுத்துக்கொண்டு தானும் கீழே இறங்கினாள். உப்பியதைப் பதமாகக் கழற்றித் தகர டப்பாவில் போட்டு வாசலுக்கு வெளியே வைத்தார்கள். மற்றது கச்சிதமாகப் பொருந்தியது. திரை விழித்தது. தோள், கை, இடுப்பு எல்லாம் வரிசையாக வந்தன. தையல்காரி விட்ட மூச்சில் மேசையிலிருந்த நூல் பறந்தது.

கத்திரிக்கோல் துணியில் இறங்கியது. ஓரகத்தி பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

"அக்கா, எனக்கும் இதே மாதிரி ஒண்ணு தைச்சுக் குடுங்களேன்."

"நீ திருந்தவே மாட்ட" என்றாள் தையல்காரி. வெட்டு இம்மியும் பிசகவில்லை.