மூன்றாம் வருடப் பாடம்

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் பூத்த ஈரத்தை வானதி துண்டால் துடைத்தாள். அப்பாவின் முகம் தெரிந்தது. கையை எடுப்பதற்குள் மறுபடி பூத்துவிட்டது. மறுபடி துடைத்தாள். காலையிலிருந்து அவளுக்கென்று இருந்த வேலை இது ஒன்றுதான். மற்ற எல்லா வேலைகளையும் கட்சி எடுத்துக்கொண்டுவிட்டது.

வாசல் பந்தலில் ஃப்ளெக்ஸ் கட்டி முடித்திருந்தார்கள். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. அதற்குக் கீழே மாவட்டச் செயலாளர் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒன்றியச் செயலாளர், அளவில் கொஞ்சம் சிறியவராக, சிரிப்பையும் அதற்கேற்றாற்போல் குறைத்துக்கொண்டு. வலது மூலையில் தபால் தலை அளவுக்கு அப்பாவின் படம். ஆதார் அட்டையிலிருந்து எடுத்தது. வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால், போனவர் மாவட்டச் செயலாளர் என்றும், மூலையில் இருப்பவர் அதற்காகத் துக்கப்படுகிறார் என்றும்தான் நினைப்பார்.

கட்சியில் யாருக்கும் பெயர் கிடையாது. மாவட்டச் செயலாளர் என்றால் மாவட்டம். ஒன்றியச் செயலாளர் என்றால் ஒன்றியம். மாவட்டத்துக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, ஒன்றியம் குளித்துக்கொண்டிருக்கிறது என்றெல்லாம் வீட்டில் பேசிக்கொள்வார்கள். கிளைச் செயலாளரான அப்பா வைத்தியலிங்கத்தை மட்டும் ஒருவரும் கிளை என்று கூப்பிட்டதில்லை. அவர் கடைசிவரை வைத்திதான். அந்தக் குறை அவருக்கு இருந்தது.

ஊருக்கு வரும் வாய்க்கால் கரை ரோட்டில் ஒரு கார்தான் போக முடியும். எதிரே வருகிறவன் சரிவில் இறங்கி ஒதுங்க வேண்டும். மாவட்டம் அந்தப் பக்கம் போகிறார் என்று தெரிந்தால் வைத்தியலிங்கம் காலையிலேயே மதகடிக்குப் போய்விடுவார். கார் வரும்போது சரிவுச் சேற்றில் இறங்கி, பொன்னாடையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார். கார் நிற்காது. வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டு, பொன்னாடையை மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைப்பார்.

“பாத்துட்டாரு,” என்பார் மனைவி ரெத்தினத்திடம். “கண்ணாடி ஏத்தியிருந்துச்சு. இருந்தாலும் பாத்துட்டாரு.”

மகளைத் தஞ்சாவூரில் கல்லூரியில் சேர்க்கும்போது அவள் காமர்ஸ் கேட்டாள். அவர் அரசியல் அறிவியலில் சேர்த்தார். கரை வேட்டி கட்டிக்கொண்டு போய்ப் பேராசிரியர் முன்னால் நின்று, கட்சிக்குப் படித்த ஆள் ஒருவர் வேண்டியிருக்கிறது என்று காரணமும் சொன்னார். மூன்று வருடம் அரசியலைப் பற்றிப் படிப்பதென்றால், தான் இருபது வருடமாகச் செய்துவரும் அரசியலைப் பற்றித்தான் இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

சாயங்காலம் அவள் பையை இறக்கி வைப்பதற்குள் என்ன நடத்தினார்கள் என்று கேட்பார். அரசுக்கு நான்கு கூறுகள், மக்கள், நிலப்பகுதி, அரசாங்கம், இறையாண்மை என்று அவள் சொன்னது மறுநாள் காலை டீக்கடையில் செய்தியாக வெளிவரும். இறையாண்மை என்ற சொல்லைக் கொஞ்ச நாள் அவர் வாயிலிருந்து இறக்கவே இல்லை. தூர் வாராத வாய்க்காலுக்கு இறையாண்மை இல்லை என்றார். சம்பந்தி வீட்டில் மரியாதை கிடைக்காத ஒருவருக்கும் அதே குறையைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

ஒருநாள் கேட்டார். “கிளைச் செயலாளர் பத்தி எந்தப் பாடத்துலம்மா வருது?”

வானதி யோசித்தாள். கிரேக்கத்துக்காரர்கள் இருந்தார்கள். குடியரசுத் தலைவர், ஆளுநர், ஊராட்சித் தலைவர்கூட இருந்தார். வெயிலில் கொடி கட்டிவிட்டு வந்த அப்பாவின் விரல்களில் சணல் கீறியிருந்தது.

“அது மூணாவது வருஷத்துலப்பா.”

“ஆமா. அஸ்திவாரமெல்லாம் முடிச்சுட்டுத்தானே வரணும்,” என்றார்.

அடுப்படியில் இருந்த ரெத்தினம் தலையைத் திருப்பி மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பை ஊதினாள். ஒரு வாரத்தில் டீக்கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. வைத்தி மாதிரி ஆட்களைப் பற்றி மூன்றாம் வருடத்தில் பாடம் இருக்கிறது.

மூன்றாம் வருடம் தொடங்கியதிலிருந்து வாரம் தவறாமல் கேட்டார். நேற்று ஆம்புலன்ஸில், மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் மூடியை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு, “வந்துருச்சா?” என்றார்.

“அடுத்த வாரம் வருதுப்பா. ரெண்டாவது தாள்.”

தலையை ஆட்டிவிட்டு மூடியைத் தானே திரும்பப் பொருத்திக்கொண்டார். அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை.

வானதி கண்ணாடியைத் துடைத்தாள்.

நண்பகலில் எடுப்பதாக இருந்தது. மாவட்டம் வந்து மாலை வைத்து, கட்சிக் கொடியைப் போர்த்திய பிறகுதான் எடுக்க வேண்டும் என்று ஒன்றியம் சொல்லிவிட்டார். கொடி அவருடைய அக்குளில் உறையோடு இருந்தது. பறையடிக்க வந்தவர்கள் அடித்து ஓய்ந்து, டீ குடித்து, மறுபடி அடித்து ஓய்ந்துவிட்டார்கள். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கார்த்திகை மாதத்து மேகம், வந்தால் விடாது. சுடுகாட்டில் எருமுட்டையை அடுக்கித் தார்ப்பாய் போட்டு வைத்திருப்பதாகவும், காற்று அதைத் தூக்கித் தூக்கிப் போடுவதாகவும் தாய்மாமன் பஞ்சநதம் வந்து சொன்னார்.

“மழை புடிச்சுதுன்னா ஒண்ணும் பண்ண முடியாதுக்கா,” என்று ரெத்தினத்திடம் குனிந்தார்.

“அவரு வரட்டும்டா. இவரு இருந்தா காத்துக்கிட்டுத்தானே இருப்பாரு,” என்றாள் ரெத்தினம்.

அது உண்மைதான்.

ஒன்றியம் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பந்தலுக்குப் பொதுவாக நிலவரத்தை அறிவித்தார். இன்று முகூர்த்த நாள். மாவட்டத்துக்கு மன்னார்குடியில் இரண்டு கல்யாணம், ஒரு கிரகப்பிரவேசம், ஒரு காதுகுத்து. இப்போது காதுகுத்து வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்.

“துக்க வீட்டுக்கு வந்துட்டு விசேஷத்துக்குப் போவ முடியாதுல்ல,” என்றார். “அதான் நம்மளக் கடைசியா வெச்சிருக்காரு. முறைன்னு ஒண்ணு இருக்கே.”

பந்தல் தலையாட்டியது. முறையில் யாரும் குறை சொல்ல முடியாது. வானதி பெட்டியைப் பார்த்தாள். ஈரத்துக்குப் பின்னால் அப்பா கலங்கலாகத் தெரிந்தார். மதகடியில் நிற்கும்போது இருக்கும் அதே முகம். அவள் துண்டோடு எழுந்து நின்றாள்.

“எடுத்துடலாம் மாமா.”

பஞ்சநதம் ஒன்றியத்தைப் பார்த்தார். ஒன்றியம் ஃப்ளெக்ஸில் இருந்ததைவிடச் சின்னதாக ஒரு சிரிப்பு சிரித்தார்.

“என்னம்மா, அரசியல் படிக்கிற புள்ள நீ. உனக்கே முறை தெரியலன்னா எப்புடி?”

“தெரியுங்க. பாடத்துல இருக்கு.”

“என்ன இருக்கு?”

“கிளைச் செயலாளர் பத்தின பாடம். மூணாவது வருஷம், ரெண்டாவது தாள்.” வாய்மொழித் தேர்வில் பதில் சொல்வதுபோல் குரல் ஒரே சீராக வந்தது. “கிளைச் செயலாளர் தவறிட்டா பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும். மேல உள்ளவங்க யாருக்காகவும் நிறுத்தி வைக்கக் கூடாது.”

ஒன்றியம் யாரையும் எதற்காகவும் மிரட்டக்கூடியவர். அச்சடித்த எழுத்து ஒன்றுக்குத்தான் அவர் கொஞ்சம் பயப்படுவார். ஆதரவு தேடிப் பந்தலைச் சுற்றிப் பார்த்தார்.

“ஆமாங்க,” என்றார் டீக்கடைக்காரர். “அந்தப் பாடம் இருக்கு. வைத்தி சொல்லியிருக்காரு.”

“எங்கிட்டயும் சொன்னான். மூணாவது வருஷத்துலதான்,” என்றார் பின்னாலிருந்து ஒருவர். பந்தலில் சாட்சிக்குப் பஞ்சமில்லை.

“புஸ்தகத்துலயே போட்டிருக்குன்னா…” என்று இழுத்த ஒன்றியம் மாவட்டத்துக்கு போன் போட்டார். மாவட்டத்தின் உதவியாளர் எடுத்து, அவர் கை கழுவிவிட்டுக் கிளம்பிவிட்டார் என்றார்.

எல்லோரும் ரெத்தினத்தைப் பார்த்தார்கள். அவள் மகளைப் பார்த்தாள். அன்று அடுப்படியிலிருந்து பார்த்த அதே பார்வை. பிறகு புடவையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. வரும்போது கையில் அந்தப் பொன்னாடை இருந்தது. உறையைப் பிரிக்கத் தெரியாமல் பல்லால் கடித்துக் கிழித்தாள். ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொல்லி, புதுசாகவே மடிப்போடு இருந்ததை உதறி, கழுத்திலிருந்து கால்வரை அவருக்குப் போர்த்திவிட்டாள். ஜரிகைக் கரையை ஒரு முறை நீவி நேராக்கினாள்.

“தூக்குங்க,” என்றாள்.

ஒன்றியம் அக்குளில் கொடியோடு பின்னாலேயே போனார்.

பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். அங்கிருந்து கரை ரோடு முழுசாகத் தெரியும். இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது. பறைச் சத்தம் முன்னால் போக, பாடை தோள்களின் மேல் ஆடி ஆடிப் போனது. பாதி தூரம் போயிருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து விளக்குகளைப் போட்டுக்கொண்டு மூன்று கார்கள் கரை மேல் ஏறின. முதல் காரில் கொடி பறந்தது.

காரும் பாடையும் நேருக்கு நேர் வந்துவிட்டன. ஒரு முறை ஹார்ன் கேட்டது. பறை நிற்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கடைசிக் காரின் பின்னால் வெள்ளை விளக்கு எரிந்தது. அது மெல்லப் பின்னால் நகர்ந்தது. அதற்கடுத்தது நகர்ந்தது. கொடி கட்டிய காரும் வந்த வழியே தடுமாறித் தடுமாறி, மதகடிவரைக்கும் பின்வாங்கிப் போய்ச் சரிவில் ஒரு பக்கத்துச் சக்கரங்களை இறக்கி நின்றது. கதவு திறந்தது. வெள்ளை வேட்டி ஒன்று இறங்கியது.

ரெத்தினத்துக்குத் தூரப் பார்வை சரியில்லை. நெற்றியில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அவருதானா?”

“ஆமாம்மா.”

“என்ன பண்றாரு?”

வானதி பார்த்தாள். மாவட்டம் ஒரு கையில் மாலையையும் மறு கையில் வேட்டியையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றிருந்தார். பாடை நிற்காமல் அவரைக் கடந்துகொண்டிருந்தது.

“ஓரமா நிக்கிறாரும்மா.”

முதல் தூறல் விழுந்தது. மதகைத் தாண்டி, பயிருக்கு மேலே ஜரிகை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. வானதி கையிலிருந்த ஈரத் துண்டைப் பிழிந்து அம்மாவின் தலையில் போட்டாள்.