சுவரில் மாட்டிய நெஞ்சு

கண்காட்சிக்கு வந்தவர்களின் சமோசாத் தட்டுகளில் நிவேதா சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள். சமூகப்பணி முதுகலை படிக்கும் மாணவிக்குப் பல்கலைக்கழகம் அன்று ஒதுக்கியிருந்த சமூகப்பணி அதுதான். ஆராய்ச்சிகளையெல்லாம் கலைப்பொருளாக்கி வளாகத்தில் வைத்திருந்தார்கள். கல்வித் துறைக்காரர்கள், படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் கிழிந்த புத்தகப் பைகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்களா என்று யாரும் கேட்கவில்லை. பைகள் அழகாக ஆடின.

சுகாதாரத் துறைக்காரர்கள், தங்கச் சுரங்கம் மூடிப்போன தங்கவயலில் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே படங்களைப் பின்னால் விளக்கு வைத்து மாட்டியிருந்தார்கள். 'மாதிரி 1' என்ற படத்துக்குத் தலைப்பு, 'இருளில் மலரும் நிலவு'. எல்லோரும் தலைப்பைப் படித்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். சிறப்பு விருந்தினராக வந்திருந்த நெஞ்சக மருத்துவர் மமதா மட்டும் படத்தைப் பார்த்தார்.

"இது நிலா இல்ல. டிபியா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். இவருக்கு மருந்து ஆரம்பிச்சாச்சா?"

ஆய்வுக்குத் தலைவரான பேராசிரியர் சரத் புன்னகைத்தார். "பேர், முகவரி எல்லாம் மறைச்ச ஆய்வு, டாக்டர். நெறிமுறை. கட்டுரை வெளிவந்ததும் எல்லாருக்கும் ரிப்போர்ட் அனுப்பிடுவோம்."

"கட்டுரை எப்போ வரும்?"

"அடுத்த வருஷம்."

"அது வரைக்கும் காத்திருக்கணும்னு நோய்க்குத் தெரியுமா சார்?"

நிவேதா ஊற்றிய சட்னி தட்டைத் தாண்டி யாருடைய செருப்பிலோ விழுந்தது. மாதிரி 1 யார் என்று அவளுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் எக்ஸ்ரே வண்டி, பழைய சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் அவர்கள் லைனுக்கு வந்தபோது ஒருவரும் கிட்டே வரவில்லை. தெருவுக்குத் தைரியம் கொடுக்க, முதல் நம்பர் ஸ்டிக்கரைத் தன் அப்பா வேலாயுதத்தின் சட்டையில் ஒட்டி, வண்டிப் பக்கம் அனுப்பியவள் அவளேதான்.

மருத்துவரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு பஸ் பிடித்தாள். அப்பாவின் போன் அடித்தது, அடித்தது, ஓய்ந்தது. தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை வருவதற்குள் அவர் இந்த வருஷம் இருமிய இருமலையெல்லாம் மனதுக்குள் திரும்ப ஒருமுறை கேட்டுவிட்டாள். போன வாரம் இரண்டு இட்லியை மிச்சம் வைத்தாரே, அது இதனால்தானா? அதற்கு அவரைத் திட்ட வேறு செய்தாளே.

வேலாயுதம் வீட்டில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் செக்யூரிட்டி. அன்று அவருக்கு விடுமுறை.

"நைனா, போன எடுக்க மாட்டியா?"

"வீடியோ பாத்துக்கினு இருந்தேன். இன்னாத்துக்கு இப்பிடி மூச்சு வாங்குற?"

அவள் அழுதுகொண்டே சொன்னாள். அவர் மெல்லுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு ஒண்ணியும் இல்ல. அது என் நெஞ்சே கெடயாது."

"இன்னா நைனா சொல்ற?"

"நீ ஒட்டுன ஸ்டிக்கர பிச்சி தங்கவேலு சட்டையில ஒட்டிட்டேன். அவன்தான் வண்டில ஏறுனான்."

சுரங்கம் ஓடிய காலத்துப் பழக்கம் அது. படத்தில் புள்ளி தெரிந்தால் மறுநாள் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏற்றமாட்டார்கள். அண்டர்கிரவுண்ட் சம்பளம் போய்விடும். எதிர்வீட்டுத் தங்கவேலுவுக்கோ மேலே, கேஜை ஏற்றி இறக்கும் வின்டிங் எஞ்சினில் வேலை, பாறைத் தூசி படாத நெஞ்சு. ஆகவே பயந்தவர்களுக்கெல்லாம் பதிலாக எக்ஸ்ரேவுக்கு அவர்தான் போய் நின்றார். அந்தக் காலத்தில் அந்த லைனில் பாதிப் பேருக்கு நுரையீரல் ஒன்றுதான்; அது தங்கவேலுவுடையது.

"மைன்ஸ் மூடி இத்தினி வருசம் ஆச்சே! இப்ப யாரு உன்ன தடுக்கப் போறாங்க?"

"இருமுற செக்யூரிட்டிய கேட்டுல வெப்பாங்களாடி? நீயே சொல்லு."

நிவேதாவுக்கு அப்பாடா என்று இருந்தது. ஒரே ஒரு மூச்சு. அடுத்த மூச்சை இழுப்பதற்குள் எதிர்வீட்டிலிருந்து இருமல் கேட்டது.

தங்கவேலு வாசலில் நாற்காலி போட்டு, பேத்தியை மடியில் வைத்து பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி சரோஜம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இந்த இருமல் எத்தினி நாளா இருக்கு?"

"பீடி இருமல்மா இது. நீ எதுக்கு உங்க நைனா மாதிரி மூஞ்ச வெச்சிருக்கற? ஊருக்கே சர்ட்டிபிகேட்டு குடுத்த நெஞ்சு, இதுக்கு இன்னா வரப்போவுது?"

அவள் சொன்னாள். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பேத்தியை மெல்ல மடியிலிருந்து இறக்கி, அப்பால் தள்ளி நிற்க வைத்தார். சரோஜம்மா கையிலிருந்த சேலையை மடிக்காமலே கீழே போட்டார்.

மறுநாள் காலை, மருத்துவர் படத்தோடு வரச் சொன்னதால், சரோஜம்மாவும் நிவேதாவும் வளாகத்துக்குப் போய் நின்றார்கள். சரத் சங்கடப்பட்டார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் கண்காட்சி இருக்கும்மா. நடுவுல ஒண்ணை எடுத்தா சுவர் மொட்டையா தெரியும்."

சரோஜம்மா விளக்கொளியில் தன் கணவனின் விலா எலும்புகளை ஒருமுறை பார்த்தார்.

"மூணு மாசமா அந்தாளு ராவெல்லாம் இருமிக்கினு கீறாரு. இங்க அவரு நெஞ்சுக்கு லைட்டு போட்டு வெச்சிருக்கீங்க. வந்தவங்க போனவங்க அத்தினி பேரும் பாத்துட்டாங்க. எங்களுக்கு மட்டும் சொல்லல. ஒரு போன் போட்டிருந்தா இன்னா சார் கொறஞ்சிருக்கும்?"

நெறிமுறை என்று சொல்லத்தான் சரத் வாயைத் திறந்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் படத்தை அவரே கழற்றினார்.

"சார், மத்த படங்கள்?" என்றாள் நிவேதா.

அவர் சுவர் முழுவதையும் ஒருமுறை பார்த்தார். முதல்முறையாக அது அவருக்குச் சுவராகத் தெரியவில்லை போலும். "எல்லாத்தையும் இறக்குங்க. டாக்டர்கிட்ட காட்டிட்டு, வீடு வீடா நானே வந்து சொல்றேன். ஒருத்தர் உடம்பைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதை முதல்ல அவருக்குச் சொல்லணும். கட்டுரை, கண்காட்சி எல்லாம் அதுக்கு அப்புறம்தான். இது எனக்கு உறைக்க இவ்வளவு நாளாச்சு."

தங்கவேலுவுக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் என்று உறுதியானது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் குணமாகிவிடும் என்றார் மமதா. இத்தனை மாதமாகக் கூடவே இருந்ததால் பேத்தியையும் வீட்டாரையும் பரிசோதிக்க வேண்டியதாயிற்று. முடிவு வரும்வரை சரோஜம்மா ஒரு வாய் சோறு உண்ணவில்லை. குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

"நோயாளி பக்கத்துலயே இருக்கற வேற யாராவது உண்டா?" என்று மருத்துவமனையில் மமதா கேட்டார்.

துணைக்கு வந்திருந்த வேலாயுதம் சத்தமில்லாமல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். முகக்கவசம் போட்ட தங்கவேலு அவர் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"எங்கடா போற? உனக்காக இனிமே நான் வந்து நிக்க முடியாது. என் நெஞ்சு பிசியா கீது."

"டேய், வேல போயிடும்டா..."

"வேல போனா வேற கேட்டு கெடைக்கும். பயந்துக்கினு மறைச்சா நோவு ஓடிப்போவாதுடா. ஊட்டுக் கொழந்தங்க மேல வந்து உக்காரப் பாக்கும். பாத்த இல்ல?"

வேலாயுதம் மகளைப் பார்த்தார். இந்தமுறை அவள் அவர் சட்டையில் ஸ்டிக்கர் ஒட்ட வரவில்லை. அவர் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குள் போனார்.