கோணிக்குக் கீழே எண்ணெய்

மலாய் நாட்டுக்கு மெர்டேகா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருடம். காஜா பெராங் வட்டாரத்தில் கலியாணசுந்தரம் முதலாளியின் மளிகைக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு, தேங்காய் எண்ணெய் டின் ஒன்று என் தோளிலிருந்து நழுவிக் கொட்டியது. கழுவத் தண்ணீர் எடுக்கப் போனேன்.

“விளக்கு வெச்சாச்சு, இப்பப் போயி கடையைக் கழுவுவியா சின்னப்பா? லெட்சுமியத் தெருவுல விட்டுடாத. கோணியப் போட்டு மூடு. காலையில பாத்துக்கலாம்” என்றார் முதலாளி.

போட்டேன். நம் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். அரை மணி கழித்துப் பாக்கியம் அக்கா பருப்பு வாங்க வந்தார். வீடுகளில் துணி துவைப்பவர். கோணியில் கால் வைத்தார். அது அவரையும் இழுத்துக்கொண்டு சறுக்கியது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகும் குனிந்து துவைக்க முடியவில்லை.

“கண்ண எங்க வெச்சிருந்துச்சாம்?” என்று கடையில் பேசினார்கள். அக்காவும் அதையே நம்பினார். “என் தப்புதான் தம்பி. பாத்து நடந்திருக்கணும்.” அவர் தங்கை மகன் சேதுபதிதான் விடாமல் லாயரிடம் அழைத்துப் போய் வழக்குப் போடவைத்தான். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

முந்தின நாள் முதலாளி சொன்னார்: “அது வரும்போதுதான் எண்ணெ கொட்டுச்சுன்னு சொல்லு. அந்த அரை மணிய மட்டும் மறந்துடு.”

கூண்டில் ஏறி நின்றேன். கடையின் லாயர், “கோணி போட்டது ஜாக்கிரதைக்குத்தானே?” என்றார். ஆமாம் என்றேன். வெள்ளைக்கார நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: “அப்படியானால் அடியில் எண்ணெய் இருப்பது தெரியும். எவ்வளவு நேரமாக?”

முதலாளி என்னையே பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அரை மணி நேரமா, ஐயா. எனக்கும் தெரியும், மொதலாளிக்கும் தெரியும். அக்காவுக்குத்தான் தெரியாது.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது எனக்கே விளங்கியது.

முதலாளி கூண்டில் ஏறி, “நான் வெத்தல பாக்கு வெச்சா கூப்பிட்டேன்? அதுவா வந்துச்சு” என்றார். பின்வரிசையில் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. எல்லாம் கேட்டு முடித்துத் தீர்ப்புச் சொன்னார். கதவைத் திறந்து, விளக்கேற்றி, சாமான் பரப்பி வைத்தால் அதுவே அழைப்பு. தனக்குத் தெரிந்த ஆபத்தை, அழைத்தவன் வருகிறவருக்குச் சொல்ல வேண்டும். மூடி வைப்பது சொன்னதாகாது. கடைக்காரரே பொறுப்பு.

மூட்டை தூக்கிய முப்பது வருடத்தில் நானும் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறேன். ஈரப் படி, பாசி பிடித்த பலகை, லாரித் தட்டு. எழுந்ததும் யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான். துணி துவைக்கும் ஒரு பெண் கால் வைத்த தரை எப்படி இருந்தது என்று, அங்கி போட்ட பெரிய மனிதர்கள் அரை நாள் உட்கார்ந்து விசாரித்தார்கள். அவர் விழுவதற்கு வெகு காலம் முன்பே யாரோ அதைப் பற்றி யோசித்துச் சட்டமாக எழுதியும் வைத்திருந்தார்கள்.

அக்கா தடியை ஊன்றி எழுந்தார். மொழிபெயர்ப்பாளரிடம், “அப்ப எம்மேல தப்பு இல்லீங்களா?” என்றார்.

அவர் ஆங்கிலத்தில் கேட்டார். நீதிபதி அக்காவை நேராகப் பார்த்துப் பதில் சொன்னார்.

“இல்லையம்மா” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“இன்னொரு வாட்டி கேட்டுச் சொல்லுங்க சாமி.”

அவர் தயங்கினார். பிறகு கேட்டார். நீதிபதி இன்னொரு முறையும் சொன்னார்.