பளபளப்பு பார்க்கும் நேரம்

1

இந்தக் கதை என் காரின் இடது கதவிலிருந்து வந்தது. எங்கள் வீட்டு கேட்டில் உரசி, கதவில் ஒரு முழத்துக்குக் கீறல். கேட்தான் வந்து உரசியது என்பது என் தரப்பு. வீட்டில் அதை யாரும் ஏற்கவில்லை.

பெயின்ட் அடிக்கக் கொடுத்த பட்டறையில் அந்தக் கதவுக்கு அடித்தவள் ஓர் இளம்பெண். திரும்ப எடுக்கப் போன அன்று கீறல் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. கதவில் என் முகம் தெரிந்தது, அதுவும் நிஜத்தைவிடக் கொஞ்சம் நன்றாக. எழுதுகிறவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. பேச்சுக் கொடுத்தேன். அவள் தன் மூச்சைப் பற்றிச் சொன்னாள்.

"இதைக் கதையா எழுதுவீங்களா சார்?"

"எழுதலாமா?"

"எழுதுங்க. ஆனா பூனையைப் பத்தி மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதிடுங்க. அது பாவம்."

ஆகவே, வாசகரே, கீறல் நிஜம், பூனை நிஜம். மற்றதில் எது நடந்தது, எது என் கைச்சரக்கு என்று நான் சொல்லப்போவதில்லை. கேட்டாலும் சொல்லமாட்டேன்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

பெயின்ட் அடிக்கும் மூடிய அறையான பூத்தின் நடுவே, பனிபோலச் சூழ்ந்த வண்ணத்துக்குள் நின்று மினுக்கி இருமினாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்கள் கலங்க, அந்தக் கொடிய

நிறுத்திவிட்டேன். வரியை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், நான் சறுக்கிய இடம் உங்களுக்கும் தெரியட்டும். மினுக்கி பட்டறையில் இருமவே இல்லை. அங்கே அவள் மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேல் பாடுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குளித்து, தட்டின் முன்னால் உட்காரும்போதுதான் இருமல் பிடிக்கும். நெஞ்சை ஈரத்துணியைப் பிழிவதுபோல் பிழியும்.

(மினுக்கி என்பது பட்டறை வைத்த பெயர். அவள் கை பட்ட வண்டி மினுமினுக்கும். ஒரு பெண்ணைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால் வேறு தொனி வரும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "என் வேலையைத்தானே சொல்றாங்க" என்று விட்டுவிட்டாள். நானும் விட்டுவிட்டேன்.)

கதை எழுதுகிறவன் காரணத்தையும் விளைவையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைப்பான். இந்த நோய் காரணத்தைப் பட்டறையில் வைத்துக்கொண்டு விளைவை மட்டும் வீட்டுக்கு அனுப்பியது. துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் இதனிடம் பாடம் கேட்கலாம்.

3

விளைவு வீட்டுக்கு வந்ததால் அம்மா குற்றவாளியையும் வீட்டுக்குள்ளேயே தேடினாள். முதலில் தலையணை மாட்டியது, வெயிலில் போட்டு அடித்தாள். அடுத்து அப்பாவின் கொசுவர்த்தி. மூன்றாவதாக அவள் பார்வை பூனை மேல் விழுந்தது.

"உன் கால்மாட்டுலதான் படுத்துக் கிடக்கு. அந்த முடி உனக்குள்ள போகாம எங்க போகும்?"

"மூணு வருஷமா அங்கதான் படுக்குதும்மா. இப்பத்தான் அதுக்கு முடி முளைச்சுதா?"

"வாய் மட்டும் இருமாம பேசுது."

மூடிபோட்ட கூடையில் பூனை ஊரின் மறுகோடியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனது. அதன் தட்டையும் அம்மாவே கழுவிக் கூடவே அனுப்பினாள். அன்று மினுக்கி அழுதாள். அழுதுகொண்டே இருமினாள். பூனை இல்லாத வீட்டில் இருமல் முன்னைவிடச் சௌகரியமாகக் குடியிருந்தது.

(ஒரு வரைவில் பூனையை எடுத்துவிட்டேன், கதை வேகமாகப் போகும் என்று. வேகமாகத்தான் போனது. ஆனால் எங்கேயும் போய்ச் சேரவில்லை.)

பிறகு பட்டறையில், பெயின்ட் பீய்ச்சக் காற்று தரும் கம்ப்ரஸர் புகைந்து நின்றது. உதிரிபாகம் வரும்வரை எல்லோருக்கும் விடுமுறை. மினுக்கி வீட்டில் இருந்தாள், தூங்கினாள், மாடிப்படி ஏறி இறங்கினாள், தட்டின் முன்னால் உட்கார்ந்து முழுதாகச் சாப்பிட்டாள். அந்த வாரத்தின் நடுவில், கிழிந்த காதும் ஒட்டிய வயிறுமாக, பூனை நடந்தே வீடு வந்து சேர்ந்தது. நேராகப் போய் அவள் கால்மாட்டில் படுத்தது.

அம்மா இருமலுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "வாயில்லாத ஜீவன் மேல பழியைப் போட்டுட்டோமே" என்று கிண்ணம் நிறையப் பால் ஊற்றினாள்.

கம்ப்ரஸர் ஓடத் தொடங்கிய அன்று சாயங்காலம், தட்டின் முன்னால், இருமல் திரும்பி வந்தது. பூனை தலையைத் தூக்கி அவளைப் பார்த்ததாம். இதை நான் சேர்க்கவில்லை, அவளே சொன்னது.

4

டாக்டரம்மா முதலில் கேட்டதே அதைத்தான்: "லீவு நாள்ல எப்படி இருக்கு?"

மினுக்கியிடம் பதில் தயாராக இருந்தது, பூனை சாட்சியோடு. டாக்டரம்மா குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார், வேலை நாளிலும் லீவு நாளிலும்.

"பெயின்ட்ல ஹார்ட்னர் கலக்குறீங்களா?"

"கடைசிப் பூச்சுக்குக் கலப்போம். அதுலதான் பளபளப்பே வரும்."

"அது உங்க நெஞ்சுக்கு ஒத்துக்கல. ஒரு தடவை ஒத்துக்காம போச்சுன்னா அப்புறம் துளி போதும். இப்பவே விலகிட்டீங்கன்னா பெரும்பாலும் சரியாகிடும். தள்ளிப்போட்டா ஆஸ்துமா தங்கிடும்."

"நான் மாஸ்க் போட்டுத்தான் அடிக்கிறேன்."

"முழு நேரமுமா?"

மினுக்கி பேசவில்லை. அந்த மௌனத்தை நான் விளக்கியாக வேண்டும், கதையே அதில்தான் நிற்கிறது.

கடைசிப் பூச்சு அடிக்கும்போது மாஸ்க்கின் கண்ணாடியில் பெயின்ட் துளிகள் படிந்து மங்கிவிடும். எங்காவது வழிந்திருக்கிறதா, எங்காவது வறண்டிருக்கிறதா என்று அதன் வழியாகத் தெரியாது. அதனால் ஸ்ப்ரே கன் நின்ற அடுத்த நொடியே மினுக்கி மாஸ்க்கை நெற்றிக்குத் தூக்கிவிடுவாள். தலையைச் சாய்த்து, விளக்கொளி கதவின் மேல் ஓடுவதைப் பார்ப்பாள். "ஈரமா இருக்கும்போதே பார்க்கணும் சார். காஞ்சப்புறம் பார்த்து என்ன பண்றது?" என்றாள் என்னிடம்.

விசிறி உள்காற்றை முழுக்க வெளியேற்றும்வரை மாஸ்க் முகத்தில் இருக்கவேண்டும். அவளுக்கோ காற்று சுத்தமாகத் தெரிந்தது. அந்த ஹார்ட்னர் ஆளை அடிக்கும் அளவுக்கு மிதந்தாலும் மூக்குக்குத் தெரியாது. மூக்குக்குத் தெரியாததை அவள் இல்லை என்று எடுத்துக்கொண்டாள். நாம் எல்லோரும் அப்படித்தான்.

சோம்பலால் வந்த வினை என்றால் எனக்கு எழுதச் சுலபம், ஒரு நீதியைக் கோத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். இது வேலை மேல் இருந்த ஆசையால் வந்தது. அதற்கு என்ன நீதி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, எரிச்சலாகத்தான் இருக்கிறது.

5

பட்டறை அவள் மாமாவுடையது, அதாவது அக்காவின் கணவர். பயிற்சி நிலையத்தில் முடித்து வந்தவளை, "பொண்ணு பெயின்ட் அடிக்குமா?" என்று கேட்ட வாடிக்கையாளர்களிடம் "அடிச்சதைப் பார்த்துட்டுப் பேசுங்க" என்றவர் அவர்தான். அவளுக்காகவே இரண்டாவது பூத் கட்டினார். "இது உன் பூத். நான்கூடக் கதவைத் தட்டிட்டுத்தான் வருவேன்" என்றார். அவரை வில்லனாக்க ஒரு வரைவு முழுக்க முயன்றேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.

டாக்டரம்மா சொன்னதை அவரிடம் மினுக்கி இன்னும் சொல்லவில்லை. "ஜலதோஷம், ரெண்டு நாள் பூத்துக்குள்ள போகல" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அவருக்கு என்ன, நம்பிவிட்டார்.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) அவள் வேலையை விட்டுவிடுகிறாள். கண்ணீர். பூத்தின் கதவு மூடுகிறது. இதைத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "என்னை அழவிடாதீங்க சார். பூனைக்கு அழுதாச்சு, போதும்" என்றாள்.

(ஆ) சொல்லாமலே தொடர்கிறாள். மாஸ்க்கைத் தூக்குவதில்லை. எல்லாம் சரியாகிவிடுகிறது. இதைப் படித்ததும் சிரித்துவிட்டாள். "துளி போதும்னு டாக்டரம்மா சொன்னாங்களே, அந்தப் பக்கத்தை நீங்க படிக்கலையா?"

(இ) மாமாவிடம் சொல்கிறாள். மாமா உடனே

இதை முடிக்கவே முடியவில்லை. மாமா உடனே என்ன செய்வார்? அக்கா வீட்டில் அன்று சாப்பாட்டின்போது யார் யாருடன் பேசுவார்கள்? "வேற வேலை ஏதாவது பார்த்துக்குவேன் சார், எனக்குக் கை இருக்கு, கண்ணு இருக்கு" என்று தைரியமாகத்தான் சொன்னாள். "ஆனா அந்த பூத்தை வேற யாராவது என் பூத்னு சொல்லுவாங்கல்ல?" என்றும் கேட்டாள்.

6

கடைசிக் காட்சி தயார். இதில் யாரையும் இருமவிடவில்லை.

ஜலதோஷத்தின் இரண்டாம் நாள். மினுக்கிக்குப் பதில் பூத்துக்குள் நிற்பவன் அவளோடு பயிற்சி நிலையத்தில் ஒரே பெஞ்சில் படித்து, இப்போது இங்கே அவளுக்கு உதவியாக இருப்பவன். பெயர் புயல். மகா மெதுவான ஆள் என்பதால் அப்படி ஒரு பெயர். சட்டைப் பொத்தான் போட ஆரம்பித்தால் முடிப்பதற்குள் பஸ் போய்விடும்.

உள்ளே ஸ்டாண்டில் மாட்டியிருப்பது என் காரின் வலது கதவு. ஆம், கேட் மறுபடியும் வந்துவிட்டது.

பூத்தின் கண்ணாடிக்கு வெளியே மினுக்கி நிற்கிறாள். பக்கத்தில் மாமா, கையைக் கட்டிக்கொண்டு.

"பய நல்லாத்தான் அடிக்கிறான்" என்கிறார் மாமா. "உன்கிட்ட கத்துக்கிட்டதா?"

"ஆமா மாமா. எல்லாம் என்கிட்டதான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைக்கிறது. கலப்பது, கன்னைப் பிடிப்பது, கையை வீசுவது எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். இன்னொன்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்: நிறுத்தினதும் மாஸ்க்கைத் தூக்கிப் பாருடா, அப்பத்தான் பளபளப்பு தெரியும்.

உள்ளே கன் நிற்கிறது. பூச்சு அருமையாக விழுந்திருக்கிறது. புயல் கன்னைக் கொக்கியில் மாட்டுகிறான். அவன் வலது கை மேலே எழத் தொடங்குகிறது.

கண்ணாடியைத் தட்டினால் அவன் கை நின்றுவிடும். மாமா திரும்பிப் பார்த்து "ஏன்?" என்பார். அந்த ஏனுக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. அதைச் சொன்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பூத் இனி அவளுடையது இல்லை. மினுக்கியின் கையும் எழுகிறது. விரல் முட்டிகள் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டன.

நான் இங்கே நிறுத்துகிறேன். அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும், அவளோடு பேசியவன் நான். ஆனால் எனக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நீங்களும்தான் நிற்கிறீர்கள்.

அவசரப்படவேண்டாம். புயலை மெதுவான ஆளாக நான் வீணாகப் படைக்கவில்லை. அவன் கை மாஸ்க்கைப் போய்ச் சேர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரம் உங்களுடையது.