வேதக்கோயிலுக்கு விலை பேசிய நாள்

நஜீர் அகமது வேதக்கோயில் சுவரைக் கைத்தடியால் நாலு தட்டுத் தட்டினார். தட்டிவிட்டு, நோய் கண்ட மாட்டைப் பார்த்தவர் போல உதட்டைப் பிதுக்கினார்.

அரக்கோணத்தில் பழைய கதவு, ஜன்னல், உத்திரம் வாங்கி விற்கிறவர் அவர். ஒரு பொருளின் மேல் ஆசை வந்துவிட்டால் அதை எவ்வளவு கேவலமாகப் பேச முடியுமோ அவ்வளவு கேவலமாகப் பேசுவார். யுத்தத்தில் பட்டாளத்துக்காரர்கள் நல்ல மரத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்ட காலம். திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகிற சாலையில், கல்லுமேட்டுக் கிறிஸ்தவ ஜனங்களின் வேதக்கோயிலில் பன்னிரண்டு பர்மாத் தேக்கு உத்திரங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்ட மறுநாளே வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

விற்க நின்றவர் சபைப் பெரியவர் ஆசீர்வாதம். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கொடி அசைத்தால் ரயிலே நகரும் என்றால், கை அசைத்தால் சபை நகராதா? “இது விழப்போகுது, ஜனங்க தலைமேல விழப்போகுது” என்று ஒரு வருஷமாகச் சொல்லி எல்லாரையும் நம்ப வைத்திருந்தார். வடக்கு மூலையில் மழை ஒழுகியது நிஜம். மீதியெல்லாம் அவருடைய ஆசை. பழையதை இடித்துப் புதுசு கட்ட வேண்டும். வாசலுக்கு மேல் அவர் பெயர் கல்லில் பளபளக்க வேண்டும்.

கோயிலைப் பெருக்கித் துடைக்கிற ரூத்தம்மாள்தான் துடைப்பத்தோடு ஆசீர்வாதத்தின் முன்னால் வந்து நின்றாள். அவள் மகள் கல்யாணத்துக்கு ஆராதனையில் இரண்டு ஞாயிறு அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது.

“மாமா, இன்னும் பதினைஞ்சே நாளு பொறுத்துக்குங்க. எங்கம்மா கல்யாணம், என் கல்யாணம் அல்லாம் இங்கதான் நடந்துது. எம்பொண்ணு மட்டும் இன்னா பாவம் பண்ணா?”

“பந்தல் போட்டுக்கினா ஆச்சு. தளம் இடிஞ்சு விழுந்தா அது கல்யாணமா, கருமாதியா?”

பக்கத்து நிலத்துக்காரர் கண்ணையன் ஏரை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். “கார்டு சாரே, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துகினு நடக்கற ஜனம் இந்தச் சுவத்து நெழல்லதான் குந்துது. இடிச்சீங்கன்னா முருகனே உங்களக் கேப்பாரு, பாத்துக்குங்க.”

“நீ சும்மா இரு கண்ணையா. யாவாரம் நடக்குது.”

வியாபாரம் சந்தை முறைப்படி நடந்தது. நஜீர் அகமது துண்டை எடுத்து இருவர் கைமேலும் போர்த்தினார். துண்டுக்குள் விரல்கள் விலை பேசும். அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். வெளியே வாய் பேசும். அது ஊருக்கே கேட்கும். வாங்குகிறவர் வாய் திட்ட வேண்டும், விற்கிறவர் வாய் புகழ வேண்டும்.

“உத்திரமா இது? மாமரத்துக்குச் சாயம் பூசி மாட்டி வச்சுக்கினு கீறீங்க.”

“மாமரமா! ரங்கூன்லேர்ந்து கப்பல்ல வந்த தேக்கு பாய்! ஆணி அடிச்சுப் பாருங்க, ஆணி அழுவும்.”

“உள்ள கறையான் குடும்பம் நடத்தினு இருக்கும்.”

“எங்க, ஒரு கறையானக் காட்டுங்க பாக்கலாம். காட்டினா சும்மாவே தூக்கினு போங்க.”

கூட்டம் சேர்ந்துவிட்டது. தங்கள் கோயிலை வெளியூர்க்காரர் திட்டினால் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்குக் கூவினார்கள்.

“சொவரு? ஒதுங்கி நில்லுங்க, தும்மினா உதுந்துடும்” என்றார் நஜீர் அகமது.

“கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைச்ச சுண்ணாம்புய்யா! கடப்பாரையால குத்தினா கடப்பாரைதான் வளையும்.” ஆசீர்வாதத்துக்கு முகம் சிவந்துவிட்டது. விலையை ஏற்றி, துண்டுக்குள் ஒரு விரலைக் கூடுதலாக நீட்டினார்.

நஜீர் அகமது சட்டென்று கையை உருவிக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டு வண்டியை நோக்கி நடந்தார். நிஜமாகவே போகிறவர் அப்படி மெதுவாக நடக்கமாட்டார். “ரெண்டு மழை பேஞ்சா தானா விழுந்துடும். அப்ப வந்து வெறகு வெலைக்கு எடுத்துக்கறேன்.”

“விழுமா?” ஆசீர்வாதம் கத்தினார். “இன்னாய்யா பேசற நீ? இன்னும் நூறு வருஷம் ஆனாலும் ஒரு செங்கல் அசையாது! என் சர்வீஸ் மேல சத்தியம்!”

ரூத்தம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். “நூறு வருஷமா மாமா?”

“ஆங், நூறு!”

“அப்பறம் எதுக்கு மாமா இடிக்கறோம்?”

கண்ணையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊரே சிரித்தது.

“அது வந்து... பாய்தான சொன்னாரு, மாமரம், கறையான்னு...” ஆசீர்வாதம் துணைக்கு ஆள் தேடினார்.

வண்டியோரம் நின்ற நஜீர் அகமதுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. “ஐயா, மாமரத்துக்கு எவனாச்சும் பன்னெண்டு மைலு வண்டி கட்டினு வருவானா? ஆசப்பட்டுட்டா எங்க வாயில நல்ல வார்த்த வராது, தொழிலு அப்படி. ஒழுகலு எங்க? ஒரு ஏணி எடுத்தாங்க.”

செருப்பைக் கழற்றிவிட்டு அவரே மேலே ஏறினார். சற்று நேரத்தில் தளத்திலிருந்து வேப்பஞ்சருகு கூடை கூடையாக விழுந்தது. காக்கைக் கூடு ஒன்று விழுந்தது. கடைசியில் வேரோடு ஓர் அரசங்கன்று.

“இதாங்க உங்க ஒழுகலு! தண்ணி போற தூம்பு அடைச்சுகினு கீது. மேல யாராச்சும் ஏறி எத்தினி வருஷமாச்சு?”

இடிக்கலாம் என்று சபையில் கை தூக்கியவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். இத்தனை வருஷத்தில் ஏணி தூக்கியவர் ஒருவரும் இல்லை.

ரூத்தம்மாள் மெதுவாகக் கேட்டாள். “கட்டினவங்க பேரு எங்கனா எழுதி கீதா மாமா?”

ஆசீர்வாதம் வாசலை அண்ணாந்து பார்த்தார். தாது வருஷப் பஞ்சத்தில், ஒரு படி கம்புக் கூலிக்காக அவர் பாட்டனார் செங்கல் சுமந்து கட்டிய கோயில் இது. கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டவர்தான் அவர். சுவரில் ஓர் எழுத்துகூட இல்லை.

“இல்லம்மா” என்றார். தன் பாட்டனார் சுமந்ததைத் தானே விலை பேசினோமே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டினார். “பாய், மேலேர்ந்து ஏணியக் கெட்டியா புடிச்சுக்குங்க. நானும் வரேன்.”

கல்யாணத்தன்று நல்ல மழை. வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, வடக்கு மூலையைத்தான் பார்த்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை. மணமகள் சிரித்த முகத்தோடு நடந்து வர, ரூத்தம்மாள் அழுதுகொண்டே பாட்டுப் பாடினாள்.

விருந்தின்போது போதகர் சொன்னார். “நல்லா பழுது பாத்திருக்கீங்க ஆசீர்வாதம். உங்க பேரை ஒரு கல்லில் எழுதி வைக்கலாமே?”

“வேணாங்கய்யா.” ஆசீர்வாதம் சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். “பொதுச்சொத்து வயசாகி விழறதில்லீங்க. அல்லாருக்கும் சொந்தம்னு சொல்லிச் சொல்லி, ஒருத்தரும் பாத்துக்காமதான் விழுது. புதுசா கட்டிப் பேரு வாங்கறத விட, இருக்கறதுமேல வருஷத்துக்கு ஒருதரம் ஏறிச் சருகு அள்ளறதுதான் பெரிய தருமம். இத எனக்குத் தெரியவைக்க அரக்கோணத்துலேர்ந்து ஆளு வரவேண்டியதா போச்சு.”

எல்லாரும் திரும்பி நஜீர் அகமதுவைப் பார்த்தார்கள். அவர் இலையில் இரண்டாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார்.

“நல்ல வார்த்தைதாங்க” என்றார் அவர். “ஆனா அடுத்த ஊருல போயிச் சொல்லிடாதீங்கய்யா. எனக்கும் பொழப்பு ஓடணும்!”